சுவரில் இறங்கிய தெரு

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ரேடியோ டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். சக ஆசிரியர்களும் அவர் இல்லாத இடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சில சமயம் வாய் தவறி, அவர் இருக்கிற இடத்திலும். டீச்சர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மணி அடித்ததும் வகுப்புக்குள் நுழைந்து "உக்காருங்க" என்று ஆரம்பிக்கும் குரல், அடுத்த பாடத்து வாத்தியார் வாசலில் வந்து நின்று இருமும் வரை ஓயாது. இயற்பியலை அவர் கதையாகச் சொல்வார். ஈர்ப்பு விசை என்றால் முன் பெஞ்சில் இருக்கிறவர்கள் ஏதாவது தலையில் விழுமோ என்று கூரையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். மாடியில் அவர் பாடம் எடுத்தால் கீழே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு இயக்க விதிகள் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. கேள்வி கேட்க யாரும் கை தூக்க மாட்டார்கள். கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லி, பிள்ளைகள் சந்தேகப்படுவதற்கு முன்பே சந்தேகத்தைத் தீர்த்துவிடுவார்.

அந்தக் குரல்தான் ஒரு வருஷம், பள்ளி திறந்து சில வாரங்களில், உடைந்தது.

முதலில் கரகரப்பு. ஜலதோஷம் என்று வெந்நீர் குடித்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். பிறகு ஒரு நாள் மின்னோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். டீச்சரின் கண்ணைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கியது.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டு, உள்ளே இருப்பதைத் திரையில் காட்டினார். ஈரமும் பளபளப்புமாய் இரண்டு வெள்ளைக் கீற்றுகள். "ஆ சொல்லுங்க" என்றதும் அவை ஓடி வந்து ஒன்றையொன்று தொட்டு நடுங்கின. தொடுகிற இடத்தில் இரு பக்கமும் மிளகை விடச் சின்னதாய் ஒரு தடிப்பு.

"இந்த ரெண்டு கீத்துதாம்மா உங்களுக்கு இத்தனை வருஷமா சோறு போட்டிருக்கு," என்றார் டாக்டர். "பாவம், ஓய்வே குடுக்கல நீங்க. மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் மோசம். அதுக்கப்புறம் ஒரு நாளைக்குக் கொஞ்சம். ஒரே ஒரு டம்ளர் தண்ணிய வச்சுக்கிட்டு நாள் முழுக்க ஓட்டணும்னா எப்படிக் குடிப்பீங்க? அப்படிப் பேசுங்க. ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு பரீட்சை லீவுல பாத்துக்கலாம்."

டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒலி என்பது அதிர்வு என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பார். தன் தொண்டைக்குள் அது நடக்கிற இடத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

மூன்று வாரம் விடுப்பு. வீட்டில் மயான அமைதி. கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர்; அடுக்குமாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசாதவர். "கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் கேட்டுட்டிருந்தேன். இப்ப நீ கேளு," என்று சொல்லிவிட்டு, அவரும் பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

விடுப்பு முடிகிற சமயத்தில்தான் கவலை பெரிதானது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்பு. மாற்று ஆசிரியர் கிடைக்கவில்லை என்று தலைமையாசிரியை கைவிரித்துவிட்டார். ஒரு டம்ளர் குரலை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பை எப்படி நடத்துவது? டீச்சர் இதை ஒரு தாளில் எழுதிக் கல்லூரியில் படிக்கும் மகளிடம் நீட்டினார்.

மகள் படித்துவிட்டு, "அந்த ஒரு டம்ளரை வீட்டிலேயே ஊத்திடும்மா," என்றாள். "ஃபோன்ல பாடத்தைப் பேசிப் பதிவு பண்ணு. பசங்க வீட்டுல பாத்துட்டு வரட்டும். வகுப்புல நீ பேச வேண்டாம், அவங்க கையால செய்யட்டும். இதுக்கு ஃபிளிப்டு கிளாஸ்ரூம்னு பேரே இருக்கு. பாடம் வீட்டுல, வீட்டுப்பாடம் வகுப்புல. தலைகீழ் வகுப்பு."

டீச்சர் எழுதினார்: "நான் பேசாம வகுப்பில் என்ன செய்வேன்?"

"சும்மா இரு. நீ செஞ்சு பாக்காத ஒரே வேலை அதுதான்," என்றாள் மகள்.

மூன்று வாரம் முடிந்ததும் படுக்கையறையில் படப்பிடிப்பு தொடங்கியது. எதிரொலி இல்லாத இடம் துணி அலமாரிதான் என்று மகள் கண்டுபிடித்ததால், இரண்டு கதவையும் திறந்து வைத்து, சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு டீச்சர் பேசினார். தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் பக்கத்து வீட்டில் சுவரைத் துளை போட ஆரம்பித்துவிட்டார்கள். கணவர் போய், "ஒரு பத்து நிமிஷம் அந்தச் சுவரை விட்டு வைங்க. எங்க வீட்டுல மின்சாரம் பாயணும்," என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, அன்று முழுக்க ஃபேன்கூடப் போடாமல் இருந்தார்களாம்.

எட்டு நிமிஷத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு முழு வகுப்புக்குச் சொன்னதை அதற்குள் அடைக்க வேண்டும். நகைச்சுவை போயிற்று. கிளைக்கதைகள் போயின. "இப்ப நீங்க கேப்பீங்க" என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் எல்லாம் போயின. மிஞ்சியது கைப்பிடி அளவு. அதைக் கேட்டபோது, பாடம் இவ்வளவுதானா என்று டீச்சருக்கே திகைப்பாக இருந்தது.

முதல் நாள் வகுப்பு கந்தரகோலம். பாதிப் பேர் வீடியோவைத் திறந்தே பார்க்கவில்லை. சிலர் வீட்டில் ஃபோனே இல்லை, இருந்தாலும் அது வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. குரல் இல்லாத ஆசிரியரைக் கண்ட வகுப்பு சந்தைக்கடை ஆனது. டீச்சர் மேசையை ஸ்கேலால் தட்டினார். சத்தம் ஒரு நொடி நின்று, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அன்று மாலை அவர் தலைமையாசிரியையிடம் எழுதிக் கேட்டது ஒன்றுதான்: கணினி அறையைக் காலையில் முதல் மணிக்கு முன்பே திறந்துவைக்க முடியுமா? தலைமையாசிரியை யோசித்தார். "சரி, திறக்கறேன். ஆனா ஒரு மாசம்தான் டீச்சர். ஆகலேன்னா நாம பழையபடியே எப்படியாவது சமாளிப்போம்," என்றார்.

அடுத்த வகுப்பை டீச்சர் சோதனைக்கூடத்துக்கு மாற்றினார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு துண்டு ஒயர். கரும்பலகையில் எழுதினார்: "இதை எரிய வையுங்கள்."

இவ்வளவுதானா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் ஒருவன் இருந்தான். டீச்சர் சொன்னதை ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல் தேர்வுத்தாளில் இறக்கிவைப்பான் என்பதால் அவனுக்கு ஜெராக்ஸ் என்று பெயர். ஜெராக்ஸ் முதலில் மின்சுற்றின் படத்தை அழகாக வரைந்து அம்புக்குறி போட்டான். பிறகு ஒயரை எடுத்து பேட்டரியின் மேல் நுனியில் ஒரு முனை, பல்பின் அடியில் மறு முனை வைத்தான். எரியவில்லை. திருப்பி வைத்தான். எரியவில்லை. கை தூக்கினான்.

"டீச்சர், என் பல்பு ஃபியூஸ்."

அடுத்த மேசையும் ஃபியூஸ் என்றது. கொஞ்ச நேரத்தில் சோதனைக்கூடம் முழுக்க பல்புகள் ஃபியூஸ் ஆகியிருந்தன. டீச்சருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் எல்லா பல்பும் எரியும். கையிலிருந்த பென்சிலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி மேசையில் கொட்டாவி என்று பெயர் வாங்கிய பெண் இருந்தாள். ரேடியோ ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷத்தில் வாய் பிளப்பவள் என்பதால் வந்த பெயர். அவள் பல்பைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், இதுக்கு உள்ள ரெண்டு கால் இருக்குடி," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "ஒண்ணு கீழ அந்தப் புள்ளிக்குப் போகுது. இன்னொண்ணு எங்க போகுது பாரு... பக்கத்துல, இந்தத் தகரத்துக்கு. அப்ப ரெண்டையும் தொடணும் இல்ல?"

பல்பின் அடிப்புள்ளியை பேட்டரியின் தலைமேல் நிறுத்தினாள். ஒயரை பேட்டரியின் அடியிலிருந்து கொண்டுவந்து பல்பின் பக்கவாட்டுத் தகரத்தில் வைத்தாள்.

எரிந்தது.

அவள் "ஐயோ!" என்று கத்தி, கையை விட்டுவிட்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி எரிந்தது. அடுத்த மேசை எட்டிப் பார்த்தது. அங்கிருந்து அடுத்தது. டீச்சர் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மேசையாக வெளிச்சம் முன்னேறி வந்தது. வெளிச்சத்தை விடவும் அவர் கண்டு அசந்தது அந்த முகங்களை. இத்தனை வருஷமும் அவர் பார்த்த முகங்கள் கரும்பலகையை நோக்கித் திரும்பியிருந்தவை, கேட்டுக்கொண்டிருந்தவை. யோசிக்கும்போது இந்தப் பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்க்கிறார். ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு. ஜெராக்ஸ் தன் படத்தையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்து, படத்தில் பல்பு இருந்த வட்டத்துக்குள் இரண்டு கால்களை மெதுவாக வரைந்தான்.

அதன்பிறகு வகுப்பு மெல்ல மெல்லத் தடம் ஏறியது. கணினி அறை காலையில் நிரம்பியது. வீடியோ பார்க்காமல் வந்தால் மேசையில் திருதிருவென்று விழிக்க வேண்டும், கூட இருப்பவர்கள் சும்மா விட மாட்டார்கள் என்பதால் பார்த்துவிட்டே வந்தார்கள். கொட்டாவி ஒரே வீடியோவை நான்கைந்து தரம் பார்க்கிறாள் என்று தெரிந்து, டீச்சர் தன் டம்ளரிலிருந்து ஒரு மடக்கு எடுத்து, "புரியலையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"புரியுது டீச்சர். வகுப்புல உங்கள நிறுத்த முடியாது. இதுல நிறுத்தலாம்," என்றாள் அவள், வெகு சாதாரணமாக.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. தொண்டைக்கு ஆகாது என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஜெராக்ஸுக்குப் பிடிக்கவில்லை. "நீங்களே சொல்லிடுங்க டீச்சர், நான் எழுதிக்கறேன்," என்று ஒரு நாள் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். அவன் அம்மா தணிக்கை அலுவலகத்தில் பெரிய வேலையில் இருப்பவர். மகனின் நோட்டில் பாதிப் பக்கங்கள் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர் பாடமே நடத்தறதில்லையாமே?" என்று தலைமையாசிரியைக்கு ஃபோன் செய்தார். நேரில் வந்து பார்க்கிறேன் என்று நாளும் குறித்தார்.

அந்த நாளில்தான் அது நடந்தது.

பாடம் ஒளியியல். டார்ச், சீப்பு, ஓட்டை போட்ட அட்டைகள் எல்லாம் வைத்து, ஒளி நேர்கோட்டில் போகிறதா என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். சோதனைக்கூடம் மாடியில், தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னலோடு இருந்தது. காலையிலேயே பிள்ளைகள் கறுப்புச் சார்ட் தாளும் பழைய செய்தித்தாளுமாக அதை மூடி, இடுக்கு விடாமல் டேப் ஒட்டினார்கள். ஜன்னல் கம்பியில் துருத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தாளைக் கிழித்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கதவைச் சாத்தினார்கள். விளக்கை அணைத்தார்கள். டார்ச்சைத் தேடி இருட்டில் கைகள் துழாவிக்கொண்டிருந்தன.

"டீச்சர், செவுத்துல என்னமோ ஊருது," என்றாள் கொட்டாவி.

"பல்லிடி," என்றது ஒரு குரல்.

"பல்லி இவ்ளோ பெருசாவா இருக்கும்? பாருங்க டீச்சர்!"

டீச்சர் திரும்பினார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, சுவரின் மேற்பகுதியில், கூரையை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. கீழே வெளிர் நீலம். நடுவில் மஞ்சளும் பழுப்புமாய் ஏதேதோ கட்டம். தெருவில் ஒரு பஸ் உறுமியது. அந்தச் சாம்பல் பட்டையில், சிவப்பாக ஒரு பெரிய சதுரம் தொங்கிக்கொண்டு நகர்ந்தது. சத்தம் ஒரு பக்கம் போயிற்று. சிவப்பு எதிர்ப் பக்கம் போயிற்று.

இருட்டில் துழாவிய கைகள் நின்றன.

"பஸ்," என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "பஸ்ஸு. தலைகீழா."

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. அந்தச் சாம்பல் பட்டை தெரு. கீழே நீலம், வானம். கட்டங்கள் எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்கள். மரம் ஒன்று வேரை மேலே வைத்து இலைகளைக் கீழே விட்டிருந்தது. அந்த இலைகள் அசைந்தன. காற்றில் அசைந்துகொண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றும் அந்தச் சுண்ணாம்புச் சுவரில், நிறத்தோடு, சத்தமில்லாமல் அசைந்தன.

ஊசித்துளைக் கேமரா. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி, பெட்டிக்குள் தலைகீழாக ஒரு மெழுகுவர்த்தி. வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்த படம். கண்ணை மூடிக்கொண்டு வரைவார். அவர் மாணவியாக இருந்தபோதும் யாரோ இதே மெழுகுவர்த்தியை வரைந்துதான் காட்டினார்கள். அது உண்மை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது இப்படி இருக்கும் என்று தெரியாது. பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

ஜெராக்ஸ்தான் முதலில் வாய் திறந்தான். "எதிர் மாடில யாராவது ப்ரொஜெக்டர் போட்டிருக்காங்களா?"

கொட்டாவி இருட்டில் தடவிக்கொண்டே ஜன்னலருகே போனாள். வெளிச்சம் கசிந்த ஓட்டையில் உள்ளங்கையை வைத்தாள். தெரு அணைந்தது. கையை எடுத்தாள். தெரு வந்தது.

"இதுக்குள்ளேர்ந்து வருதுடா! இந்த ஓட்டைக்குள்ளேர்ந்து!"

பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேர் கதவை ஒருக்களித்துத் திறந்து கீழே ஓடினார்கள். சற்று நேரத்தில் கூரையை ஒட்டி இரண்டு சின்ன உருவங்கள் காலை மேலே வைத்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கையை ஆட்டின. வகுப்பு ஆர்ப்பரித்தது. அவர்கள் குதித்தபோது சுவரில் கீழ்நோக்கி விழுந்து மறுபடி கூரையில் போய் ஒட்டிக்கொண்டார்கள். ஏன் தலைகீழ் என்று ஒரு சண்டை. ஒருத்தி நீளமான நூலை எடுத்து, ஓட்டை வழியாக மேலிருந்து வருகிற ஒளி கீழே போய்த்தானே ஆக வேண்டும் என்று இழுத்துக் காட்டினாள். ஓட்டையைப் பெரிதாக்கினால் படம் இன்னும் பளிச்சென்று தெரியும் என்றான் ஒருவன். கிழித்தார்கள், பளிச்சென்று ஆனது, ஆனால் கலங்கிப்போனது; டேப் ஒட்டி மறுபடி சின்னதாக்கினார்கள். ஜெராக்ஸ் தன் கண்ணாடியைக் கழற்றி ஓட்டையில் வைத்தான். இன்னும் மோசம். "என்னோடது கிட்டப்பார்வைக் கண்ணாடி, இது ஒளியை விரிச்சு விடும்," என்று அவனே சொல்லிக்கொண்டு, சட்டென்று திரும்பி, "டீச்சர், நீங்க படிக்கற கண்ணாடியக் குடுங்க!" என்று கை நீட்டினான். அதை ஓட்டையில் வைத்து, ஒரு வெள்ளைச் சார்ட்டைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். ஓரிடத்தில் தெரு திடுமெனக் கூர்மையாயிற்று. எதிர்க் கட்டிடத்தின் பெயர்ப்பலகை எழுத்துகளைத் தலைகீழாகப் படிக்க முடிந்தது.

நோட்டு நிரப்பியே பழகிய பையன், எதையும் எழுதாமல், அந்தச் சார்ட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றான்.

சத்தம் கொஞ்சம் தணிந்தபோது கொட்டாவி கேட்டாள்: "டீச்சர், ஓட்டை இப்பத்தான் விழுந்துச்சு. ஆனா வெளிச்சம் முன்னாடியும் ஜன்னல் வழியா வந்துட்டுதானே இருந்துச்சு? அப்ப ஜன்னல் தொறந்திருக்கும்போதும் இந்தத் தெரு செவுத்து மேல விழுந்துட்டுதான் இருந்துச்சா?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆமாம். விழுந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னலின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஓட்டை. ஒவ்வொன்றும் ஒரு முழுத் தெருவைச் சுவரில் போடுகிறது. எண்ணிலடங்காத தெருக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கலந்து, வெறும் வெள்ளைச் சுவராகத் தெரிகிறது. இந்தச் சுவர் மட்டுமா? வெளிச்சம் படுகிற எல்லாச் சுவரும். வீட்டுச் சுவர், ஆஸ்பத்திரிச் சுவர், இந்தப் பிள்ளைகளின் சட்டை, தன் கை. எல்லாவற்றின் மேலும் உலகம் விழுந்துகொண்டே இருக்கிறது.

"ஆமாம்மா," என்றார். அன்றைக்கு மிச்சமிருந்த குரலில் இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொன்னார்: "எல்லாம் இருந்துச்சு. எல்லாம் ஒண்ணா இருந்ததால தெரியல."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

"கதவைத் தொறக்காதீங்க!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

வெளியே நின்றவர் தலைமையாசிரியை. கூட ஜெராக்ஸின் அம்மா. தன் பள்ளிக்கூடத்தில் தன்னைப் பார்த்து யாரும் இப்படிக் கத்தி தலைமையாசிரியை கேட்டதில்லை. திகைத்து நின்றவரை, கதவிடுக்கு வழியாக ஒரு கை நீண்டு, "சீக்கிரம் வாங்க மேடம், வெளிச்சம் உள்ள வந்துடும்," என்று உள்ளே இழுத்தது. அம்மாவும் பின்னாலேயே நுழைந்தார். கதவு சாத்தப்பட்டது.

"என்ன டீச்சர் இருட்டுல..." என்று ஆரம்பித்த தலைமையாசிரியை முடிக்கவில்லை. கண் பழகிவிட்டது போலும்.

பெரியவர்கள் இருவரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். சுவரில் ஒரு சைக்கிள் தலைகீழாகப் போயிற்று. ஒரு மேகம் தரையோரமாக நகர்ந்தது. ஜெராக்ஸின் அம்மா, "அது என் ஸ்கூட்டர்," என்றார் சன்னமாக, கூரையோரம் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டி. பிறகு எதற்கு வந்தோம் என்று நினைவு வந்தவராய்த் தொண்டையைச் செருமினார். "இதெல்லாம் சரி டீச்சர். பரீட்சைல வருமா?"

"வரும்," என்றார் டீச்சர். "படம் வரையச் சொல்லுவாங்க."

"வரைவானா?"

இருட்டிலிருந்து ஜெராக்ஸின் குரல் வந்தது. "அம்மா, நீ கீழ போய் ஸ்கூட்டர்கிட்ட நில்லேன். நாங்க உன்னப் பாக்கறோம்."

"எனக்கு வேலை இருக்குடா," என்று சொல்லிக்கொண்டே அவர் கிளம்பினார். சமாதானமானாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்த அறையில் வெளிச்சமில்லை. சிறிது நேரத்தில் சுவரில் ஒரு நீலப் புடவை கூரையிலிருந்து தொங்கியபடி பச்சைப் புள்ளியை நோக்கி நடந்தது. வண்டியருகே நின்றது. ஹெல்மெட்டை எடுத்தது. போட்டுக்கொள்ளவில்லை. கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது. அங்கிருந்து பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இருந்தாலும், தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி லேசாக ஆட்டினார்.

மொத்த வகுப்பும் சுவரைப் பார்த்துத் திருப்பிக் கையாட்டியது. தலைமையாசிரியையும்தான்.

அந்த வருஷத் தேர்வில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெராக்ஸ் எப்போதும்போல முதல். கொட்டாவி இயற்பியலில் எல்லோரும் மூக்கில் விரல் வைக்கும்படி மதிப்பெண் வாங்கினாள், மொழிப்பாடத்தில் தட்டுத் தடுமாறித் தேறினாள். சிலர் தோற்றும் போனார்கள். ஒரு மாசம்தான் என்று சொன்ன தலைமையாசிரியை அந்தப் பேச்சையே பிறகு எடுக்கவில்லை. வேதியியல் ஆசிரியர் கணினி அறைச் சாவியைக் கேட்டபோது ஏன் என்றும் கேட்கவில்லை.

விடுமுறையில் டீச்சருக்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. குரல் கொஞ்சம் கனத்துத் திரும்பி வரும், ஆனால் வரும் என்றார் டாக்டர். அதுவரை மறுபடி மௌனம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். கணவர் காப்பியோடு படுக்கையறைக்கு வந்தபோது, டீச்சர் நாற்காலிமேல் ஏறி ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, கண் கூசுதா?"

டீச்சர் இல்லையென்று தலையை ஆட்டினார். கணவரைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரைப் பார்க்கும்படி திருப்பினார். கதவைச் சாத்தினார். தாளின் நடுவே விரலால் ஒரு ஓட்டை போட்டார்.

"பவர் கட்டா? இல்ல என் மேல ஏதாவது கோபமா?" என்று கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல முடியாது. டீச்சர் ஓரமாக நின்று, சுவரைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கலான அந்த முகத்தில் முதலில் குழப்பம். பிறகு கண் இடுங்கியது. பிறகு காப்பி டம்ளர் மெல்லக் கீழே இறங்கியது.

"எதிர் வீட்டுக்காரர்," என்றார். "மொட்டை மாடியில துணி காயப் போடறாரு... ஏன் தலைகீழா நிக்கறாரு?"

எழுந்து சுவரருகே போனார். அன்றாடம் லிஃப்டின் எண்ணெய் படிகிற பெரிய உள்ளங்கையைச் சுவருக்கு முன்னால் நீட்டினார். எதிர் வீடும் மொட்டை மாடியும் காயப்போட்ட சட்டைகளும் அந்தக் கையில் வந்து விழுந்தன. கையை ஜன்னல் பக்கம் கொண்டுவந்தார். படம் சிறுத்துப் பிரகாசமானது. பின்னால் கொண்டுபோனார், பெரிதாகி மங்கியது. திரும்பி, வெளிச்சம் வந்த ஓட்டையைப் பார்த்தார். அதன் குறுக்கே விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இரு, சொல்லாதே," என்றார், பேச முடியாத மனைவியிடம். "நானே கண்டுபிடிக்கறேன்."

காப்பி ஆறிப்போனது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு நெடுநேரம் ஆயிற்று.